தொழிலாளியின் உயிரும் கம்பனியின் பொறுப்பும்





சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனாஸா வீட்டிற்குச் சென்றிருந்தேன். கட்டட வேலைத்தலமொன்றில் நான்காம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து மரணித்த ஓர் இளைஞனின் வீடு அது. வேலை கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கடித உறையைத் தகப்பனாரின் கையில் வைத்தார். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று கூறிவிட்டுச் சென்றார். நானும் என் பங்கிற்குக் கத்ரைப் பொருந்திக்கொள்வதன் சிறப்பைப் பற்றிச் சற்று நேரம் பேசினேன். பேசி முடித்ததும் அந்தத் தகப்பனார் தலையை நிமிர்த்தி, "ஹஸ்ரத், என் மகன் மவ்த்தானது கத்ர்தான். அதை நான் ஏற்றுக்கொள்கின்றேன். ஆனால் இடுப்புக் கயிறு கொடுக்காமல் அவனை மேலே ஏற்றினார்களே, அதற்கும் கத்ர்தான் பொறுப்பா?" என்று கேட்டார்.

பல வருடங்கள் அரபுக் கல்லூரியில் கிதாபுகளை ஓதிய எனக்கு அவ்வேளையில் பதில் வரவில்லை. அன்று சொல்லத் தவறிய பதிலையே இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல முனைகின்றேன்.

அன்பார்ந்த நேயர்களே! கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளுள் ஒன்று. அதில் ஐயமில்லை. ஆனால் கத்ர் என்பது பொறுப்பிலிருந்து தப்பி ஓடுவதற்கான வாசலன்று. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணமான வேளையில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. உமர் (ரழி) அவர்கள் ஆலோசனை செய்து, படையைத் திருப்பி அழைத்துச் செல்லத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகின்றீர்கள் என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். ஆபத்தைக் கண்டு விலகுவதும் கத்ர்தான். பிறருடைய உயிரைக் காக்க ஏற்பாடு செய்வதும் கத்ர்தான். ஆட்சித் தலைவர் தமது மக்களைக் கொள்ளைநோய்க்குள் இட்டுச் செல்லத் துணியவில்லை. அவ்வாறிருக்க, ஒரு முதலாளி தனது தொழிலாளியை ஆபத்துக்குள் அனுப்பிவிட்டு, ஜனாஸா வீட்டில் வந்து விதியைப் பற்றிப் பேசுவதற்கு என்ன அருகதை உண்டு?

இனி, இந்த விடயத்தின் சிக்கலை விளங்கிக்கொள்வதற்காக உங்களை ஒரு கப்பல் விபத்திற்கு அழைத்துச் செல்கின்றேன். 1987 மார்ச் 6 ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தை நோக்கி 'ஹெரல்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் பயணிகள் கப்பல் புறப்பட்டது. கார்களும் லொறிகளும் நேரே உள்ளே ஏறுவதற்காக அக்கப்பலின் முன்புறத்தில் பெரிய கதவுகள் இருந்தன. அக்கதவுகள் மூடப்படாமலேயே கப்பல் கடலுக்குச் சென்றது. வாகனத் தளத்தினுள் கடல் நீர் பாய்ந்தது. துறைமுகத்தைத் தாண்டிச் சிறிது நேரத்திலேயே கப்பல் பக்கவாட்டில் சரிந்து வீழ்ந்தது. 193 பேர் மாண்டனர். அவர்களுள் 38 பேர் அக்கப்பலிலேயே தொழில் புரிந்த ஊழியர்கள்.

யார் குற்றவாளி? கதவை மூட வேண்டிய கடலோடி தனது அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். கதவு மூடப்பட்டதா என்று பார்க்க வேண்டிய அதிகாரி தமது அடுத்த கடமைக்காக மேல்தளத்திற்குச் சென்றுவிட்டார். பிழை ஏதும் அறிவிக்கப்படாததால், எல்லாம் சரியாகவே உள்ளது என்று கப்பற் தலைவர் எண்ணிக்கொண்டார். இத்துடன் நிறுத்திக்கொண்டால், உறங்கியவரே குற்றவாளி என்று வழக்கை முடித்துவிடலாம்.

ஆனால் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். அதே கம்பனியின் மற்றொரு கப்பல் 1983 ஆம் ஆண்டிலும் இதே காரணத்தினால், அதாவது பொறுப்பானவர் உறங்கியதனால், கதவுகள் திறந்த நிலையில் கடலுக்குச் சென்றிருந்தது. அன்று எவரும் மாளவில்லை. எவரும் பாடம் படிக்கவுமில்லை. கதவு மூடியுள்ளதா இல்லையா என்று காட்டுகின்ற ஒரு சிறிய மின்விளக்கை மேல்தளத்தில் பொருத்தித் தருமாறு கப்பற் தலைவர்கள் கம்பனியிடம் கேட்டிருந்தனர். கரையில் அமர்ந்திருந்த முகாமையாளர்கள் அக்கோரிக்கையைக் கேலி செய்து குறிப்பெழுதி அனுப்பினர். 193 உயிர்கள் பறிபோன பின்னர், எஞ்சிய கப்பல்களில் அந்த விளக்குகள் சில நாட்களுக்குள் பொருத்தப்பட்டன! சில நாட்களில் முடிந்துவிடுகின்ற வேலை அது. அதைச் செய்யாமல் விட்டது வறுமையினாலும் அல்ல, அறியாமையினாலும் அல்ல, அலட்சியத்தினால்.

விபத்தை விசாரணை செய்த நீதிபதி ஷீன் அவர்கள், அலட்சியம் என்னும் நோய் அந்தக் கம்பனியின் உச்சி முதல் அடி வரை பரவியிருந்தது என்ற முடிவுக்கே வந்தார். மரண விசாரணையில் ஜூரிகள் இது சட்டவிரோதமான கொலை என்று தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் பீ அன்ட் ஓ யூரோப்பியன் ஃபெரீஸ் கம்பனி மீதும் ஏழு தனிநபர்கள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 1990 ஆம் ஆண்டு இலண்டனில் விசாரணை நடைபெற்றது. முடிவு என்ன? கம்பனியும் முக்கிய அதிகாரிகளும் விடுவிக்கப்பட்டனர்.

ஏன் விடுவிக்கப்பட்டனர்? ஒரு கம்பனி மனிதக் கொலைக் குற்றத்தைப் புரிய முடியும் என்பதை நீதிமன்றம் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றைய சட்டத்தின்படி, கம்பனியின் மூளையாக விளங்கும் உயர் நிலையிலுள்ள ஏதேனும் ஒரு தனி மனிதர், தாமே முழுக் குற்றத்தையும் புரிந்தார் என்று நிரூபிக்கப்பட வேண்டும். ஒருவரிடம் கால் பங்கு, இன்னொருவரிடம் கால் பங்கு, மற்றவரிடம் அரைப் பங்கு என்று குற்றம் சிதறிக் கிடந்தால், அவற்றைக் கூட்டி ஒன்றாக்கிக் கம்பனியின் மீது சுமத்த முடியாது.

இதனால் விளைந்த விபரீதத்தைக் கவனியுங்கள். நான்கு மாணவர்கள் கடலில் மாண்ட லைம் குடா விபத்து தொடர்பாக, 1994 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன் முறையாக ஒரு கம்பனி மனிதக் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டது. அது ஒருவரே முன்னின்று நடத்திய சிறிய கம்பனி. மூளை எது என்று தேட வேண்டிய அவசியமே அங்கு எழவில்லை. ஆகவே கம்பனி எவ்வளவு பெரிதோ, அது தப்புவது அவ்வளவு இலகு. இலாபம் வரும்போது எல்லாம் ஒரே பெட்டியில் வந்து சேர்கின்றது. பழி வரும்போது மட்டும் அது ஆயிரம் கைகளில் சிதறி மறைந்துவிடுகின்றது. இது நீதியாகுமா?

இந்தக் குறையை நீக்குவதற்காகவே பிரித்தானியப் பாராளுமன்றம் 2007 ஆம் ஆண்டில் கம்பனிகளின் மனிதக் கொலைச் சட்டத்தை இயற்றியது. 2008 ஏப்ரல் 6 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. குற்றமிழைத்த ஒரு தனி மனிதரைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. உயர் முகாமைத்துவம் கம்பனியின் வேலைகளை ஒழுங்கமைத்த முறையில் பாரதூரமான தவறு இருந்து, அத்தவறு மரணத்திற்கு வழிவகுத்திருந்தால், கம்பனியே குற்றவாளியாகும். கனடாவிலும் இவ்வாறே நடந்தது. 1992 ஆம் ஆண்டில் வெஸ்ட்ரே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 26 தொழிலாளர்கள் மாண்டனர். எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த அநீதியின் விளைவாக அங்கு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு 2004 இல் நடைமுறைக்கு வந்தது.

கண்ணியத்திற்குரிய நேயர்களே! மேலை நாட்டுச் சட்டங்களைப் பற்றிக் கூறிவிட்டு மார்க்கத்தைப் பற்றிக் கூறவில்லையே என்று நீங்கள் எண்ணலாம். நமது புகஹாக்கள் 'கம்பனி' என்னும் இன்றைய அமைப்பைக் காணவில்லை. ஆனால் பலர் சேர்ந்து விளைவித்த மரணத்தில் பொறுப்பு எவ்வாறு அமையும் என்பதை அவர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார்கள்.

முதலாவது, ஸன்ஆ நகர வழக்கு. யமன் தேசத்தின் ஸன்ஆவில் ஒரு கூட்டத்தினர் சேர்ந்து ஒருவரைக் கொலை செய்தனர். உமர் (ரழி) அவர்கள் அக்கூட்டத்தினர் அனைவரையும் தண்டித்தார்கள். ஸன்ஆவாசிகள் அனைவருமே அதில் பங்குகொண்டிருந்தாலும் அனைவரையும் தண்டித்திருப்பேன் என்ற கருத்தையும் அவர்கள் வெளியிட்டார்கள். அது வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலை. அலட்சியத்தால் விளையும் மரணத்திற்கு அதே தண்டனை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் பொதிந்துள்ள அடிப்படையையே எடுத்துக்கொள்கின்றேன். செய்தவர்களின் எண்ணிக்கை கூடுவதால் குற்றம் கரைந்து போவதில்லை.

இரண்டாவது, முபாஷிர் என்றும் முதஸப்பிப் என்றும் பிக்ஹில் இரு சாரார் கூறப்படுகின்றனர். நேரடியாகச் செய்தவர் முபாஷிர். அதற்குக் காரணமாக அமைந்தவர் முதஸப்பிப். இருவரும் ஒன்று சேர்ந்தால் நேரடியாகச் செய்தவர் மீதே பொறுப்புச் சாரும் என்பது பொதுவிதி. இந்த விதியை மேலோட்டமாகப் பார்த்தால், உறங்கிய கடலோடி மட்டுமே பிடிபடுவார்; கேலி செய்து குறிப்பெழுதிய முகாமையாளர் தப்பிவிடுவார். ஆனால் நமது இமாம்கள் இதற்கு விதிவிலக்குக் கூறியுள்ளனர். பொய்ச் சாட்சியம் கூறி ஒருவருக்கு மரண தண்டனை பெற்றுக்கொடுத்தவர்கள், பின்னர் தாம் வேண்டுமென்றே பொய் கூறியதாக ஒப்புக்கொண்டால், தண்டனை யாருக்கு? வாளை வீசியவருக்கா? இல்லை. சாட்சிகளுக்கே கிஸாஸ் என்பது ஷாபிஈ மத்ஹபின் சட்டம். வாளை வீசியவர் ஒரு கருவி. அவரை அந்நிலைக்குத் தள்ளியவர்களே காரணகர்த்தாக்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, போதிய ஓய்வுமின்றி உழைக்கின்ற ஏழை ஊழியனை மட்டும் கூண்டில் நிறுத்துவது பிக்ஹின் நீதியன்று.

மூன்றாவதாக, சில முதலாளிமார் எடுத்துக்காட்டுகின்ற ஒரு ஹதீஸைப் பற்றியும் கூறியாக வேண்டும். சுரங்கத்தில் ஏற்படும் இழப்பிற்கு ஈடு கிடையாது என்ற பொருளில் ஸஹீஹான ஹதீஸ் உள்ளது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் மீது சுரங்கம் இடிந்து வீழ்ந்தால் உரிமையாளர் மீது பொறுப்பில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களும் விளக்கியுள்ளார்கள். அப்படியானால் முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதே விளக்கத்தில் இமாமவர்கள், மக்கள் செல்லும் பாதையில் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து மரணித்தால் பொறுப்பு உண்டு என்றும் கூறுகின்றார்கள். வேறுபாடு எங்கே இருக்கின்றது? 'தஅத்தீ' என்னும் வரம்பு மீறலில்தான். வரம்பு மீறாதவனுடைய சுரங்கத்தில் எதிர்பாராமல் நிகழ்வது ஒன்று. வெடிப்பைக் கண்டும் உள்ளே அனுப்புவது, கயிறு கொடுக்காமல் சாரத்தில் ஏற்றுவது, சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பைக் காசுக்காகக் கைவிடுவது முற்றிலும் வேறொன்று. மக்களின் நலன் கருதி அரசு விதித்த பாதுகாப்பு ஒழுங்குகளை மீறுவதும் தஅத்தீயிலேயே அடங்கும் என்பது எனது தாழ்மையான கருத்து.

அந்தக் கிணற்றுச் சட்டத்தில் இன்னுமொரு நுட்பம் உள்ளது. அதுவே இன்றைய உரையின் மையக் கருத்தாகும். கிணற்றில் விழுந்து மரணித்தவருக்குரிய தியத் எனும் நட்டஈட்டைத் தோண்டியவருடைய 'ஆகிலா', அதாவது அவருடைய கூட்டத்தினர் செலுத்த வேண்டும். ஆனால் கப்பாரா எனும் பரிகாரம் தோண்டியவர் மீதே கடமையாகும். ஹனஃபி மத்ஹபில், ஒரே பதிவேட்டில் ஊதியம் பெறுபவர்களும் ஆகிலாவாகக் கருதப்பட்டுள்ளனர். ஆக, ஒரு கூட்டமைப்பு ஓர் உயிருக்காகப் பொறுப்புச் சொல்வது இஸ்லாத்திற்குப் புதிய விடயமன்று. அதேவேளை, கூட்டம் பணம் செலுத்திவிட்டது என்பதற்காகத் தனிமனிதன் தப்பிவிடுவதுமில்லை. கப்பாரா என்பது அடிமையை விடுதலை செய்வது. இயலாவிடில் இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்பது. கம்பனி தியத்தைக் கொடுக்கலாம். கம்பனியால் நோன்பு நோற்க முடியுமா? பசித்திருக்க அதற்கு வயிறு இல்லை. அழுவதற்குக் கண் இல்லை. கப்ரில் கேள்வி கேட்கப்படுவதற்கு ரூஹ் இல்லை. பணிப்பாளர் சபையில் அமர்ந்திருந்த மனிதனுக்கே இவையெல்லாம் உண்டு.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிரித்தானியச் சட்டத்தின் நன்மையும் தெரிகின்றது, குறையும் தெரிகின்றது. சிதறிய பழியைக் கூட்டி நிறுவனத்தின் மீது வைத்தது அதன் நன்மை. அச்சட்டத்தின் கீழ் முதலாவது தீர்ப்பு 2011 இல் வழங்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு மீற்றர் ஆழமான குழியில் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்த இளம் புவியியலாளர் ஒருவர் மண் சரிந்து மாண்டார். கொட்ஸ்வோல்ட் ஜியோடெக்னிக்கல் ஹோல்டிங்ஸ் என்னும் அந்த நிறுவனத்திற்கு 385,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அதுவோ ஒரு சில ஊழியர்களை மாத்திரம் கொண்ட மிகச் சிறிய நிறுவனம். அதன் பின்னர் தண்டிக்கப்பட்டவையும் பெரும்பாலும் சிறிய, நடுத்தரக் கம்பனிகளே. பெரிய மீனுக்காக விரித்த வலையில் சிறிய மீன்களே சிக்கின. மேலும், அச்சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படுவது கம்பனி மாத்திரமே. பணிப்பாளர்களை அதே குற்றத்தில் சேர்க்க முடியாது. அவர்களைத் தண்டிப்பதாயின் வேறு சட்டங்களையே நாட வேண்டும். தண்டப்பணம் அரசாங்கத்திற்குச் செல்கின்றது. தியத்தோ மரணித்தவரின் வாரிசுகளுக்கு உரியது. ஆதலால் கம்பனி பொறுப்பேற்க வேண்டும். குடும்பத்திற்கு உரியது சேர வேண்டும். தீர்மானம் எடுத்த மனிதர் கம்பனியின் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் கூடாது. இம்மூன்றும் சேர்ந்ததே நிறைவான நீதி.

இது அந்நியர்களுடைய பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பங்களாதேஷில், 2013 ஏப்ரல் 24 ஆம் திகதி ரானா பிளாஸா கட்டடம் இடிந்து வீழ்ந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. அக்கட்டடத்தில் இயங்கிய வங்கி தனது ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்களோ மறுநாள் காலை மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். வெடிப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே செல்ல மறுக்கும் வசதி ஏழைகளுக்கு இருக்கவில்லை. அழைத்தவர்களுள் தொழுகையாளிகளும் இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது உள்ளம் நடுங்குகின்றது.

நமது தாய்நாட்டிலும் 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதி இறப்பர் தொழிற்சாலை ஒன்றில், அமோனியாத் தாங்கியில் வீழ்ந்தவரைக் காப்பாற்றச் சென்றவர்களும் உட்பட ஐவர் உயிரிழந்தனர். நம்மிடம் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உண்டு. 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் உண்டு. அலட்சியத்தால் மரணம் விளைவித்தலைத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு குற்றமாக்கியுள்ளது. ஆனால் ஒரு நிறுவனம் ஒழுங்கமைக்கப்பட்ட முறையையே மனிதக் கொலைக் குற்றமாகக் கொள்ளும் தனிச்சட்டம் நம்மிடம் இயற்றப்படவில்லை. சட்டம் இயற்றுவோரிடம் இதனைக் கேட்பது நமது உரிமை. சாட்சிகள் உண்மையைச் சொல்வது நமது கடமை. பள்ளிவாசல் நிருவாகிகள் முதலாளிக்கும் குடும்பத்திற்குமிடையே 'சமாதானம்' பேசி, ஏழைத் தாயின் வாயை மூடிவிடாதிருப்பது அதைவிடப் பெரிய கடமை.

சகோதரர்களே! ஒருவர் பயந்து சொல்வார்: "இப்படியெல்லாம் சட்டம் வந்தால் வியாபாரம் செய்ய முடியாது." கப்பலின் அந்தச் சிறிய விளக்கை நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பின் விலை பெரும்பாலும் சொற்பமானது. நேர்மையான வியாபாரிக்கு இச்சட்டம் பாதகமன்று. உயிர்களைப் பணயம் வைத்து மலிவாக விற்கும் போட்டியாளனிடமிருந்து அவரைக் காப்பதும் இதுவே.

எனவே, உங்களிடம் இருவர் வேலை செய்தாலும் சரி, இருநூறு பேர் வேலை செய்தாலும் சரி, நாளைக் காலை கடையைத் திறந்ததும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். மின்கம்பி உரிந்துள்ளதா? இயந்திரத்தின் மறைப்பு கழற்றப்பட்டுள்ளதா? களஞ்சியத்தின் பின்கதவு பூட்டிக் கிடக்கின்றதா? "முதலாளி, இது ஆபத்து" என்று ஊழியர் ஒருவர் எப்போதாவது சொன்னாரா? அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்களா? ஒவ்வொருவரும் பொறுப்பாளியே, தமது பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்த விசாரணையில் கம்பனியின் பெயர்ப்பலகை கூட வராது.

அந்தத் தகப்பனாருக்கு இன்று நான் கூறும் பதில் இதுதான்: "உங்கள் மகனின் மவ்த் அல்லாஹ்வின் கத்ர். கயிறு கொடுக்காதது மனிதர்களின் குற்றம். முதலாவதைப் பொருந்திக்கொள்ளுங்கள், இரண்டாவதற்கு நீதி கேளுங்கள். கேட்பது ஸப்ருக்கு மாற்றமானதன்று. அன்று நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள்."

யா அல்லாஹ்! உழைக்கச் சென்ற இடத்தில் உயிர் நீத்த அனைவருடைய குடும்பங்களுக்கும் ஆறுதலையும் நீதியையும் வழங்குவாயாக! எங்கள் கைகளால் எவருடைய உயிருக்கும் தீங்கு நேராமல் எங்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.